பெரிதாக்கிய படமும் இழுப்பறையில் கிடந்த மூலக் கோப்பும்

அத்தை ஒரு நாள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, அதிலிருந்த குழுப் படம் ஒன்றிலிருந்து மாமாவை மட்டும் தனியே எடுத்து, சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கித் தரும்படி கேட்டார். மாமா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் மனம்விட்டுச் சிரித்தபடி இருக்கும் படம் அது ஒன்றுதான். யாரோ எடுத்து, யாருக்கோ அனுப்பி, பல கை மாறி வாட்ஸ்அப் வழியாக அத்தைக்கு வந்து சேர்ந்திருந்த அந்தக் கோப்பின் அளவு வெறும் 140 கேபி. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படங்களைப் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்றில் அதைப் போட்டேன். சில நொடிகளில், இமை முடிகள்கூடத் தனித்தனியாகத் தெரியும் பளிச்சென்ற முகம் ஒன்று திரையில் வந்தது. அத்தை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க மாமா மாதிரி இல்லையேப்பா" என்றார். அவர் சொன்னது சரிதான். மாமாவின் இடது புருவத்துக்கு மேலே பழைய தழும்பு ஒன்று உண்டு. புதிய படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

அந்தத் தழும்பு எங்கே போயிற்று என்று தேடப் புறப்பட்டால், படத்தைப் பெரிதாக்குவதும் மூலக் கோப்பைப் பாதுகாப்பதும் உண்மையில் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது விளங்கும். பெரிதாக்கும் மென்பொருள்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எந்த மென்பொருள் சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மென்பொருள் அல்ல, அதற்குள் நாம் எந்தக் கோப்பைக் கொடுக்கிறோம் என்பதே.

ஒரு தழும்பின் அகலம்

டிஜிட்டல் படம் என்பது எண்கள் நிரப்பிய கட்டங்களின் வரிசை. 1957-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், தன் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குள் ஏற்றியபோது அதை 176-க்கு 176 கட்டங்களாகப் பிரித்தார். இன்றைய சாதாரணக் கைப்பேசிக் கேமராவே 4000-க்கு 3000 கட்டங்கள், அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் கொண்ட படத்தைத் தருகிறது. எண்ணிக்கை எவ்வளவோ கூடியிருந்தாலும் அடிப்படை மாறவில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான். இரண்டு விவரங்கள் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால் அவை கலந்து ஒன்றாகிவிடும், பிறகு அவற்றைப் பிரிக்க வழியில்லை.

மாமாவின் படத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4000 பிக்சல் அகலமுள்ள அந்தக் குழுப் படத்தில் அவருடைய முகம் ஏறத்தாழ 300 பிக்சல் அகலம் கொண்டிருந்தது. மனித முகம் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டரைக் காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள தழும்பு இரண்டு பிக்சல் அகலத்தில் மெல்லிய கோடாகப் பதிவாகியிருக்கும். செய்திச் செயலி வழியாக அனுப்பப்பட்டபோது படம் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கியது. முகம் 120 பிக்சல் ஆயிற்று. இப்போது ஒரு பிக்சல் 1.25 மில்லிமீட்டரைக் காட்டுகிறது. தழும்பு ஒரு பிக்சலைவிடக் குறுகிவிட்டது. அதன் நிறம் சுற்றியுள்ள தோலின் நிறத்தோடு கலந்து, சற்றே வெளிறிய ஒரு கறையாக மட்டும் எஞ்சியது.

அந்தக் கறையையும் அழித்தது ஜேபெக் சுருக்கம். 1992-ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள மெதுவான மாற்றங்களையும் வேகமான மாற்றங்களையும் தனித்தனியாக அளவிடுகிறது. மனிதக் கண் மெதுவான மாற்றங்களை நன்றாகவும் நுண்ணிய வேகமான மாற்றங்களைக் குறைவாகவும் உணர்வதால், பின்னவற்றை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்கி, பலவற்றைச் சுழியமாக்கிவிடுகிறது. நிறத்துக்கான தகவலையும் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கிறது. கேமராவில் உயர்தரத்தில் சேமிக்கும்போது இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, அந்த அளவுக்கு அருமையான கண்டுபிடிப்பு அது. ஆனால் 4 எம்பி கோப்பை 140 கேபி-க்கு நெருக்கும்போது, மெல்லிய தழும்பு போன்றவைதான் முதலில் பலியாகின்றன. 120 பிக்சல் அகலமுள்ள முகத்தில் குறுக்கே இருப்பவை 15 சதுரங்கள் மட்டுமே. பெரிதாக்கிய முகத்தில் சில சமயம் ஓடு பதித்த தரையைப் போலக் கட்டங்கள் தெரிவதற்கும் இதுவே காரணம்: படத்தோடு சேர்த்துச் சுருக்கத்தின் தடயத்தையும் நாம் பெரிதாக்குகிறோம்.

இங்கே பரவலாக இருக்கும் ஓர் அச்சத்தைத் தீர்த்துவிடலாம். ஜேபெக் கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ, ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பதாலோ அதன் தரம் குறையாது. பைட்டுக்குப் பைட் அதே கோப்புதான் போய்ச் சேரும். திறந்து, மாற்றி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் சுருக்கம் மீண்டும் ஒருமுறை நடக்கிறது. சிறிது வெளிச்சம் கூட்டிச் சேமித்து, நாளை சிறிது வெட்டிச் சேமித்து, மறுநாள் எழுத்துச் சேர்த்துச் சேமித்தால், நகலின் நகலின் நகலாகப் படம் தேய்ந்துகொண்டே போகும்.

இல்லாததை நிரப்பும் கணக்கு

பெரிதாக்குவது என்றால் புதிய கட்டங்களை உண்டாக்கி அவற்றுக்கு எண்களைத் தருவது. அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் கேள்வி. எளிய முறை, பக்கத்துக் கட்டத்தின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. இதனால் படம் செங்கல் அடுக்கியதுபோல் ஆகும். அடுத்த முறை சராசரி காண்பது. அருகருகே இருக்கும் இரண்டு பிக்சல்களின் மதிப்பு 100, 200 என்று வைத்துக்கொண்டு, இடையில் மூன்று பிக்சல்களைப் புகுத்தினால், அவை 125, 150, 175 ஆகும். கன்னத்தின் மென்மையான நிழலுக்கு இது பொருத்தமான விடை. ஆனால் அந்த 100 கரிய முடியும், 200 நெற்றியும் என்றால், கூர்மையாக வெட்டுப்பட வேண்டிய எல்லை ஒரு சரிவாக மாறிவிட்டது. பெரிதாக்கிய படம் மங்கலாகத் தெரிவதன் காரணம் இவ்வளவுதான்.

சுற்றியுள்ள 16 பிக்சல்களைப் பார்த்து வளைகோடு வரையும் பைகியூபிக் முறையும், இன்னும் பரந்த வட்டத்தைப் பார்க்கும் லான்சோஸ் முறையும் இந்தச் சரிவைச் செங்குத்தாக்க முயல்கின்றன. அதற்கு விலையாக எல்லைகளை ஒட்டி மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தோன்றும். இருண்ட மரக்கிளைக்குப் பின்னால் வானம் வெளுத்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கிளையை ஒட்டி அந்தக் கோடு தெரியும். ஒரே தாவலில் பெரிதாக்காமல் பத்து பத்து சதவீதமாகப் பல படிகளில் பெரிதாக்கினால் தரம் கூடும் என்றொரு நம்பிக்கை இருந்தது. ஒவ்வொரு படியிலும் கணக்கிட்ட எண்களின் மேலேயே மறுபடி கணக்கிடுவதால், அதில் நிலையான பயன் எதுவும் இல்லை.

இந்தப் பழைய முறைகளுக்கு ஒரு நேர்மை உண்டு. அவை அறியாததை மங்கலாகவே விட்டுவிடுகின்றன. கேமராவே இப்படி ஊகிப்பதுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1976-ல் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒளியை அளக்கும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே அளக்கிறது. பாதிப் பிக்சல்கள் பச்சை, மீதியில் சரிபாதி சிவப்பும் நீலமும். 1 கோடியே 20 லட்சம் பிக்சல் படம் ஒன்றில் இருக்க வேண்டிய 3 கோடியே 60 லட்சம் நிற மதிப்புகளில் மூன்றில் ஒரு பங்குதான் அளந்து பெற்றது, மீதி எல்லாம் அக்கம்பக்கத்து அளவுகளிலிருந்து கணக்கிட்டது. ஆனால் அந்த ஊகம் அந்தக் காட்சியிலேயே, ஒரு பிக்சல் தள்ளி அளந்த எண்ணிலிருந்து வருகிறது.

செயற்கை நுண்ணறிவு செய்யும் ஊகம் வேறு வகை. 2014-ல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நரம்புப் பின்னல் (நியூரல் நெட்வொர்க்) முறையால் படங்களைப் பெரிதாக்கிக் காட்டியதிலிருந்து இந்தத் துறை வேகமாக வளர்ந்தது. 2021 மார்ச்சில் அடோபி நிறுவனம் தன் கேமரா ரா மென்பொருளிலேயே, நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கும் வசதியைச் சேர்த்தது. ஏராளமான தெளிவான படங்களையும் அவற்றின் சுருக்கிய வடிவங்களையும் சேர்த்துக் காட்டிப் பயிற்றுவிக்கும்போது, இப்படிப்பட்ட மங்கலுக்குப் பின்னால் வழக்கமாக இப்படிப்பட்ட விவரம் இருக்கும் என்று மென்பொருள் கற்றுக்கொள்கிறது. செங்கற்சுவர், இலைத்திரள், துணியின் நெசவு ஆகியவற்றில் இது வியக்கத்தக்க அளவு நன்றாக வேலை செய்கிறது. ஓர் இலையின் நரம்பு சற்று இடம் மாறினால் யாருக்கும் நட்டமில்லை.

முகத்தில் அப்படி இல்லை. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற கருவியிடம், கட்டம் கட்டமாகச் சிதைக்கப்பட்ட பராக் ஒபாமாவின் படம் ஒன்று கொடுக்கப்பட்டபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. கருவி பழுதாகிவிடவில்லை. அது வரைந்த முகத்தை மறுபடி சுருக்கினால் கொடுத்த அதே கட்டங்கள்தான் வரும். அந்தக் கட்டங்களுக்குப் பொருந்தக்கூடிய முகங்கள் எண்ணற்றவை. அவற்றுள் தனக்குப் பழக்கமான ஒன்றை அது தேர்ந்தெடுத்தது. என் மாமாவுக்கு நேர்ந்ததும் இதுதான். நெற்றி என்றால் பெரும்பாலும் தழும்பு இருக்காது என்பது மென்பொருள் கற்ற பாடம். அதன்படி அவருடைய நெற்றியை அது திருத்திக் கொடுத்தது. முன்வரிசைப் பற்களுக்கு இடையிலிருந்த சிறு இடைவெளியும் அடைபட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். எனவே ஆட்களின் படங்களில், அதிலும் இனி ஒருபோதும் படமெடுக்க முடியாதவர்களின் படங்களில், முக மீட்பு என்ற பெயரில் வரும் வசதியை அணைத்துவிட்டுப் பெரிதாக்குவதே சரி என்று நான் திடமாக நம்புகிறேன். மங்கலான உண்மையான முகம், தெளிவான வேற்று முகத்தைவிட மேலானது.

ஊகம் இல்லாமல் உண்மையிலேயே விவரத்தைக் கூட்டும் வழி ஒன்றும் உண்டு. ஒரே காட்சியைச் சற்றுச் சற்று நகர்த்திப் பல முறை எடுத்தால், ஒவ்வொரு படத்திலும் கட்டங்கள் காட்சியின் வெவ்வேறு புள்ளிகளில் விழுகின்றன. அவற்றை ஒன்றுசேர்த்தால் தனிப் படம் எதிலும் இல்லாத நுணுக்கம் கிடைக்கிறது. 2018-ல் வெளிவந்த கூகுள் பிக்சல் 3 கைப்பேசி, படமெடுப்பவரின் கை இயல்பாக நடுங்குவதையே இதற்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் இது படம் எடுக்கும் நொடியில் மட்டுமே சாத்தியம். அந்த நொடி கடந்துவிட்டால் நம்மிடம் இருப்பது கோப்பு மட்டுமே.

எத்தனை பெரிது என்பது எத்தனை தூரம் என்பதைப் பொறுத்தது

அச்சிடக் கொடுக்கும்போது 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள், இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். இந்த எண்ணைச் சுற்றி இரண்டு குழப்பங்கள் நிலவுகின்றன. முதலாவது, கோப்பின் விவரங்களில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றினால் படம் மேம்பட்டுவிடும் என்ற எண்ணம். அந்த எண் கோப்போடு ஒட்டியிருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. பிக்சல்கள் கூடாதவரை அதை மாற்றுவதால் எதுவும் மாறுவதில்லை. பார்க்க வேண்டியது பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்தால் வகுத்த ஈவு. 4000-க்கு 3000 பிக்சல் கொண்ட படம் 300 என்ற அடர்த்தியில் ஏறத்தாழ 13-க்கு 10 அங்குலம் வரை எந்தப் பெரிதாக்கலும் இல்லாமலே அச்சாகும். ஏ4 தாளை நிரப்ப 2480-க்கு 3508 பிக்சல் போதும்.

இரண்டாவது குழப்பம், எல்லா அச்சுக்கும் 300 வேண்டும் என்பது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும். கையில் பிடித்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் பார்க்கும்போது அது 0.07 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு ஏறத்தாழ 350 பிக்சல். ஆல்பத்துக்கு 300 என்ற எண் பொருத்தமாக இருப்பது இதனால்தான். சுவரில் மாட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கண் பிரித்தறிவது 0.29 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 87 பிக்சல் போதுமானது. மூன்று மீட்டர் தள்ளி என்றால் 29. உயரத்தில் நிற்கும் மாபெரும் விளம்பரப் பலகைகளை அருகில் சென்று பார்த்தால் கட்டைவிரல் நகமளவு புள்ளிகளாகத் தெரிவதும், தெருவிலிருந்து பார்த்தால் வழுவில்லாமல் தெரிவதும் இந்தக் கணக்கின்படியே.

அத்தை கேட்டது 8-க்கு 10 அங்குலச் சட்டத்துக்கான படம். வாட்ஸ்அப் வழி வந்த நகலிலிருந்து மாமாவைத் தோள் வரை வெட்டியெடுத்தால் கிடைத்தது 360-க்கு 450 பிக்சல், அங்குலத்துக்கு 45. ஒரு மீட்டர் தூரத்துக்கும் இது போதாது. மூலக் கோப்பு கிடைத்திருந்தால் அதே பகுதி 900-க்கு 1125 பிக்சலாக இருக்கும், அங்குலத்துக்கு 112. சுவரில் மாட்டுவதற்கு அது தாராளமாகப் போதும். ஆகவே எந்த மென்பொருள் என்று தேடுவதை விட்டுவிட்டு, படத்தை எடுத்தவரைத் தேடினோம். மாமாவின் நண்பர் ஒருவர்தான் எடுத்திருந்தார். அவர் கைப்பேசி மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பழையது மேசை இழுப்பறையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதிலிருந்த மெமரி கார்டில் 4.1 எம்பி அளவில் அந்தப் படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே, இரண்டு பிக்சல் அகலத்தில், தழும்பு இருந்தது.

அதன் பிறகு பெரிதாக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. அதில் வரிசை முக்கியம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். படத்திலுள்ள இரைச்சலை, அதாவது குறைந்த வெளிச்சத்தில் தோன்றும் மணல்போன்ற பொறிகளை, முதலில் மெதுவாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து பெரிதாகும். பிறகு பெரிதாக்க வேண்டும். கூர்மையாக்குவது கடைசியில், அச்சிடப் போகும் இறுதி அளவில்தான். முன்பே கூர்மையாக்கிய படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகளின் ஒளிக்கோடுகளும் தடித்துவிடும். இடையில் சேமிக்க நேர்ந்தால் டிஃப் வடிவத்தில் சேமிப்பது நல்லது. அதில் இழப்பில்லாமல் சேமிக்கலாம்.

அழிந்த நாடாக்களும் பிழைத்த நாடாக்களும்

மூலம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை விண்வெளி வரலாறு இரண்டு நிகழ்வுகளில் காட்டுகிறது. 1969-ல் அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய தொலைக்காட்சிக் காட்சிகள் நொடிக்கு 10 சட்டகம், 320 வரி என்ற தனி வடிவத்தில் வந்தன. வீட்டுத் தொலைக்காட்சிகள் அதை ஏற்கா என்பதால், தரை நிலையங்களில் ஒரு திரையில் அதை ஓடவிட்டு, அந்தத் திரையை இன்னொரு கேமராவால் படம்பிடித்து ஒளிபரப்பினர். உலகம் பார்த்தது அந்தப் படத்தின் படத்தை. தெளிவான மூலச் சமிக்ஞை காந்த நாடாக்களில் பதிவாகிக் கிடங்குக்குப் போயிற்று. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, அந்த நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா 2009-ல் தெரிவித்தது. இன்று நம்மிடம் இருக்கும் மீட்டெடுத்த காட்சிகள், எஞ்சியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளில் மிகச் சிறந்தவற்றிலிருந்து எடுத்துத் துப்புரவு செய்தவை.

மற்றொன்று லூனார் ஆர்பிட்டர். 1966, 1967 ஆண்டுகளில் நிலவைச் சுற்றிப் படமெடுத்த ஐந்து விண்கலங்களின் சமிக்ஞைகளும் நாடாக்களில் பதிவாயின. அக்காலத்தில் வெளியான படங்கள் பட்டைப் பட்டையாக, முரட்டுத்தனமாக இருந்தன. நாடாவில் இருந்த நுணுக்கம் முழுவதையும் வெளிக்கொணரும் வசதி அன்று இல்லை. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ஆவணக் காப்பாளராக இருந்த நான்சி எவான்ஸ் அந்த நாடாக்களைத் தூக்கியெறிய விடவில்லை. அவற்றை ஓட்டுவதற்கான, பீரோ அளவுள்ள ஆம்பெக்ஸ் கருவிகளையும் தன் வீட்டுக் கார் கொட்டகையில் பத்திரப்படுத்தினார். டென்னிஸ் விங்கோவும் கீத் கவ்விங்கும் தலைமையேற்ற குழு அந்தக் கருவிகளைப் பழுது பார்த்து, நாடாக்களை மறுபடி படித்து, நிலவின் விளிம்பில் பூமி எழும் 1966 ஆகஸ்ட் படத்தை, எடுத்தபோது யாரும் கண்டிராத தெளிவோடு 2008 நவம்பரில் வெளியிட்டது. 42 ஆண்டுகளில் பிம்பங்களைக் கையாளும் தொழில்நுட்பம் வளர்ந்தது. வளர்ந்த தொழில்நுட்பத்துக்குக் கொடுக்க மூலம் இருந்தது.

நம் படங்களுக்கும் இதே நிலைதான். இன்று பெரிதாக்கிச் சேமிக்கும் படம் இன்றைய மென்பொருளின் திறனோடு உறைந்துவிடுகிறது. மூலக் கோப்பை வைத்திருப்பவர் பத்தாண்டு கழித்து இன்னும் நல்ல கருவியால் புதிதாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதனால்தான் பெரிதாக்கிய பிரதியை வைத்துக்கொண்டு, இடம் அடைக்கிறது என்று மூலத்தை அழிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதைபதைப்பு ஏற்படுகிறது.

மூலம் என்று எதைச் சொல்வது

கேமராவோ கைப்பேசியோ முதலில் எழுதிய கோப்புதான் மூலம். சென்சார் அளந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில் எடுப்பவர்களுக்கு அந்த ரா கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் என்றால், 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. நிழலில் புதைந்த முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர இந்தப் படிகள்தாம் உதவும். பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்தவர்களுக்கு, முதல் ஸ்கேன் கோப்போடு அந்தக் காகிதப் படமும், இருந்தால் நெகட்டிவும்தான் மூலம். ஸ்கேன் செய்தாயிற்று என்று நெகட்டிவைக் குப்பையில் போடக் கூடாது.

மூலக் கோப்பில் படம் மட்டும் இல்லை. எடுத்த நாள், நேரம், கேமரா, லென்ஸ், சில சமயம் இடம் ஆகியவை எக்ஸிஃப் குறிப்பாக உள்ளே இருக்கின்றன. செய்திச் செயலிகள் படமாக அனுப்பும்போது பெரும்பாலும் இவற்றைக் களைந்துவிடுகின்றன. மாமாவின் நகலில் எந்தத் தேதியும் இல்லை. மெமரி கார்டில் கிடைத்ததில் நாளும் நேரமும் நிமிடம் வரை இருந்தன. அவருடைய கடைசிப் பிறந்தநாளுக்கு முந்தைய மாலை அது என்று அத்தை கணக்குப் பார்த்துச் சொன்னார்.

மூலம் தொலைவது பெரும்பாலும் விபத்தால் அல்ல, வசதியால். கைப்பேசியில் வெட்டித் திருத்திச் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடுவது முதல் வழி. மூலங்களுக்குத் தனி ஃபோல்டர் வைத்து, அதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, திருத்துவதை எப்போதும் பிரதியில் செய்தால் இது நேராது. அனுப்பும்போது சுருங்குவது இரண்டாவது. முழுக் கோப்பு வேண்டும் என்றால் செயலியில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும், அல்லது கேபிள் வழியாக நகலெடுக்க வேண்டும். மூன்றாவது அதிகம் கவனிக்கப்படாதது: ஐபோனில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு இயங்கும்போது, கைப்பேசியில் சிறிய பிரதியை வைத்துவிட்டு மூலத்தை ஐகிளவுடுக்கு நகர்த்திவிடுகிறது. கூகுள் போட்டோஸில் இடச் சிக்கனம் என்ற தரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், மேலே ஏறுவதே மறுசுருக்கம் செய்த கோப்புதான். கைப்பேசியிலுள்ள படங்களை அழிப்பதற்கு முன் இணையச் சேமிப்பில் இருப்பது மூலமா, சுருக்கமா என்று ஒரு படத்தையாவது இறக்கி, அதன் பிக்சல் அளவையும் கோப்பளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒத்திசைவும் காப்பு நகலும் ஒன்றல்ல. ஒரு சாதனத்தில் நீக்கியது எல்லாச் சாதனத்திலும் நீங்கும் ஏற்பாடு, நம் தவற்றையும் உடனுக்குடன் நகலெடுக்கிறது. இணையச் சேமிப்பை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய படங்களும் பாடல்களும் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் என்ற சமூகத் தளம் 2019-ல் ஒப்புக்கொண்டது. படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர், இலவசக் கணக்குகளுக்கு 2013-ல் 1 டெராபைட் தந்துவிட்டு, 2018-ல் 1000 படங்கள் என்று வரம்பு அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இறந்துபோன ஒருவரின் கணக்கில் மட்டும் இருக்கும் படங்களுக்கு இது எத்தகைய கெடு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவச் செய்த 3-2-1 என்ற விதி இன்றும் போதுமானதாக இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். அந்த ஒன்று வேறு இடத்தில் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணினியும் அதன் பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கும் தீ, வெள்ளம், திருட்டு எல்லாவற்றிலும் ஒன்றாகவே போகும். பென் டிரைவும் மெமரி கார்டும் மின்னூட்டமாகத் தகவலை வைத்திருப்பவை. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியும். எடுத்துச் செல்வதற்கு அவை நல்லவை, வைத்திருப்பதற்கு அல்ல. மாமாவின் படம் இரண்டு ஆண்டு இழுப்பறையில் கிடந்தும் பிழைத்தது எங்கள் நல்வாய்ப்பு.

தவறுதலாக நீக்கிவிட்டால் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுப்பது. நீக்கும்போது பொதுவாக அழிவது கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பதிவுதான். படத்தின் பைட்டுகள் மேலே வேறு ஏதாவது எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றைத் தேடி எடுக்கும். மெமரி கார்டைப் போலச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்குகளில் இந்த நம்பிக்கை குறைவு. நீக்கிய இடங்களை அவை தாமாகவே சுத்தம் செய்துவிடுகின்றன.

பிரதி இருக்கிறது என்பதும் பிரதி சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. ஹார்டு டிஸ்கில் ஒரு பிட் புரண்டாலும் ஜேபெக் படத்தின் பாதி சாம்பல் நிறமாகிவிடலாம், பல ஆண்டு கழித்துத் திறக்கும்போதுதான் அது தெரியும். அதற்குள் பழுதான கோப்பே மற்றப் பிரதிகளின் மேலும் எழுதப்பட்டிருக்கும். ஷா-256 என்ற கணக்கீடு எந்தக் கோப்புக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தக் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதைக் கணக்கிடும் கட்டளை உள்ளேயே இருக்கிறது. கோப்பை முதலில் சேமிக்கும்போதே கைரேகைகளைக் குறித்து வைத்து, ஆண்டுக்கொரு முறை ஒப்பிட்டால் எந்தப் பிரதி கெட்டது, எது நல்லது என்று ஐயமின்றித் தெரியும்.

அத்தையின் சட்டத்துக்குள் இருக்கும் படத்தை 2400-க்கு 3000 பிக்சலுக்குப் பெரிதாக்கி அச்சிட்டோம்; அந்தக் கோப்பின் பெயரில் எடுத்த தேதியையும், பெரிதாக்கியது என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறேன். மெமரி கார்டிலிருந்து வந்த 4.1 எம்பி கோப்பு எந்த மாற்றமும் இல்லாமல் என் கணினியிலும், அத்தை வீட்டு அலமாரியில் இருக்கும் டிஸ்கிலும், இணையச் சேமிப்பிலும் இருக்கிறது. அதன் கைரேகையின் 64 எழுத்துகளைத் தாளில் அச்சிட்டு, அத்தை அந்தச் சட்டத்தின் பின்பக்க அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்.